கோப்புகள் குடிபெயர்ந்த வரலாறு



ஒரு மாணவன் ஓர் ஊரை விட்டு வேறோர் ஊருக்குப் போகும்போது, அவனோடு மாற்றுச் சான்றிதழ் ஒன்றும் போவதை நாம் அறிவோம். அவன் பிறந்த நாள், படித்து முடித்த வகுப்பு, நடத்தை முதலியவை அதில் எழுதப்பட்டிருக்கும். தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் இத்தகைய சான்றிதழ்கள் பலவற்றில் நான் கையொப்பமிட்டிருக்கிறேன். அப்போது அடிக்கடி நேர்ந்த இடர் ஒன்று உண்டு. சான்றிதழ் ஒழுங்காகவே வந்து சேரும். ஆனால் அதிலுள்ள ஒரு குறிப்பை எழுதிக்கொள்ள எங்கள் பதிவேட்டில் கட்டம் இராது. எழுத்தர் என்ன செய்வார்? அதை விட்டுவிடுவார்; அல்லது வேறு எதற்கோ ஏற்பட்ட கட்டத்தில் ஒருவாறு நுழைத்துவிடுவார். இரண்டினாலும் பின்னர்த் தொல்லையே விளையும்.

கணிப்பொறி உலகிலும் இதே இடர் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இருந்துவருகிறது. யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமைக்காகப் பிறந்த கருவிகளை விண்டோஸ் என்னும் வேறோர் இயக்க முறைமையில் நடத்த முற்பட்டபோது, கோப்புகளின் பண்புகள் என்ன பாடுபட்டன என்பதே இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்ட வரலாறு. பொருள் சிறிதாகத் தோன்றலாம். ஆயினும், ஒருவர் பூட்டிவைத்த செய்தி பூட்டியபடி இருக்குமா, எழுதிவைத்த நிரல் இயங்குமா, சேமித்த சேமிப்பு மீளுமா என்பவை எல்லாம் இதனைச் சார்ந்தே நிற்கின்றன.

முதலில் கோப்பின் பண்பு என்றால் என்ன என்று தெளிவோம். ஒரு கடிதத்தின் வாசகம் வேறு. அதன் உறையின் மேல் உள்ள முகவரி, முத்திரை, 'அந்தரங்கம்' என்ற குறிப்பு ஆகியவை வேறு. கோப்பிலும் அவ்வாறே. உள்ளே இருக்கும் எழுத்துகள் வாசகம். அது யாருடையது, யார் படிக்கலாம், யார் திருத்தலாம், எப்போது திருத்தப்பட்டது என்பன உறைமேற் குறிப்புகள். அவற்றையே பண்புகள் என்கிறோம். வாசகத்தை இடம் மாற்றுவது எளிது. குறிப்புகளை இடம் மாற்றுவதே அரிது; ஏனெனில் எந்தக் குறிப்பு வேண்டும் என்பதில் ஒவ்வொரு முறைமையும் தனக்கென ஒரு கொள்கை உடையது.

யூனிக்ஸ் 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றியது. கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி என்ற இருவரும் அதன் முதல்வர். பயன்படாது ஒதுங்கிக் கிடந்த பி.டி.பி.-7 என்ற சிறிய பொறியில் அது தொடங்கிற்று. 1971-ஆம் ஆண்டு நவம்பரில் அதன் முதற் பதிப்புக் கையேடு வெளிவந்தது. அக்காலத்தில் ஒரு கணிப்பொறியைப் பலர் ஒரே வேளையில் பகிர்ந்துகொண்டார்கள். ஒரு வீட்டில் பல குடும்பங்கள் குடியிருந்தால் ஒவ்வோர் அறைக்கும் பூட்டு வேண்டுமன்றோ? ஆகவே, கோப்பு யாருடையது என்ற கேள்வி யூனிக்ஸில் தொடக்கத்திலேயே எழுந்துவிட்டது.

அதற்கு அவர்கள் கண்ட விடை மிக எளியது. படித்தல், எழுதுதல், இயக்குதல் என்று அனுமதிகள் மூன்று. உரிமையாளர், குழுவினர், பிறர் என்று வகுப்பினர் மூவர். தொடக்கத்தில் உரிமையாளர், பிறர் என்ற இரு வகுப்பே இருந்தன. குழு சில ஆண்டுகளில் வந்து சேர்ந்தது. மும்மூன்று ஒன்பது. ஒன்பது 'ஆம்-இல்லை' குறிகளில் அனுமதி முழுவதும் அடங்கிற்று. 755 என்றால் உரிமையாளர் எல்லாம் செய்யலாம், மற்றவர் படிக்கவும் இயக்கவும் மட்டும் செய்யலாம் என்று பொருள். 644 என்றால் உரிமையாளர் எழுதலாம், மற்றவர் படிக்க மட்டும் செய்யலாம். இந்த மூவிலக்க எண்கள் யூனிக்ஸ் பயின்றவர்களுக்கு வாய்பாடு போல மனப்பாடம்.

இந்த ஒன்பதில் 'இயக்கலாம்' என்ற குறியை நேயர்கள் தனியே நினைவிற் கொள்ளவேண்டும். யூனிக்ஸில் ஒரு கோப்பு நிரலா அல்லவா என்பதை அதன் பெயர் சொல்வதில்லை. இந்தக் குறியே சொல்லும். குறி இருந்தால் இயங்கும், இல்லையேல் இயங்காது. பின்னால் வரும் குழப்பங்களில் பாதி இதனால் விளைந்தவை.

யூனிக்ஸில் எல்லாமே இவ்வாறு எண்ணித் துணிந்து அமைக்கப்பட்டவை என்று கருதவேண்டா. புள்ளியில் தொடங்கும் பெயருடைய கோப்பு, பட்டியலிடும்போது மறைந்திருக்கும் என்பது யூனிக்ஸ் வழக்கம். இது தற்செயலாக நேர்ந்தது என்று பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ராப் பைக் கூறியிருக்கிறார். நடப்புக் கோப்பகத்தை ஒரு புள்ளியாலும், தாய்க் கோப்பகத்தை இரு புள்ளிகளாலும் குறிப்பார்கள். அவ்விரண்டையும் பட்டியலிலிருந்து நீக்க எண்ணியவர், பெயர் முழுவதையும் பாராமல் முதலெழுத்து புள்ளியா என்று மட்டும் சோதித்தார். அதனால் புள்ளியில் தொடங்கும் பெயர்கள் அனைத்தும் மறைந்தன. அந்தக் கவனக் குறைவே நாளடைவில் ஒரு மரபாகிவிட்டது.

இனி மற்றொரு குடும்பத்தைக் காண்போம். 1974-ஆம் ஆண்டில் கேரி கில்டால் என்பவர் சிறு பொறிகளுக்காக சி.பி.எம். என்ற இயக்க முறைமையை ஆக்கினார். இங்கே நிலைமை வேறு. மேசைமேல் ஒரு பொறி. முன்னால் ஒரே மனிதர். தனி வீட்டில் ஒருவரே குடியிருந்தால் அறைக்கு அறை பூட்டு எதற்கு? ஆகவே கோப்புக்கு உரிமையாளர் என்ற எண்ணமே அங்குத் தோன்றவில்லை. 1979-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் 'படிக்க மட்டும்', 'அமைப்புக் கோப்பு' என்ற குறிகள் இடம்பெற்றன. அவற்றுக்கும் தனியிடம் ஒதுக்கப்படவில்லை. ஓர் எழுத்துக்கு எட்டுத் துணுக்குகள் இருக்க, ஏழே போதுமாதலால், பெயரின் பின்னொட்டு எழுத்துகளில் எஞ்சிய எட்டாம் துணுக்கில் அவற்றை ஒளித்துவைத்தார்கள். வேறொன்றுக்காக இருந்த கட்டத்தில் புதுக் குறிப்பை நுழைக்கும் வழக்கத்தை இங்கேயே காண்கிறோம்.

1981-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணிப்பொறி வெளிவந்தது. அதற்கான டாஸ் முறைமை சி.பி.எம்.-இன் சாயலில் அமைந்தது. அதன் கோப்புப் பதிவு ஒவ்வொன்றும் 32 பைட்டு நீளம். பெயருக்கு எட்டெழுத்து, பின்னொட்டுக்கு மூன்றெழுத்து, அதற்கடுத்துப் பண்புகளுக்கென ஒரே ஒரு பைட்டு. 1983-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்தப் பைட்டில் ஆறு குறிகள் நிறைந்தன: படிக்க மட்டும், மறைந்தது, அமைப்பு, வட்டின் பெயர், கோப்பகம், காப்பகம். இறுதியிற் சொன்ன காப்பகக் குறி, கோப்புத் திருத்தப்பட்டவுடன் எழும். சேமிப்பு நகல் எடுத்தவுடன் தணியும். 'இன்னும் நகல் எடுக்கவில்லை' என்பதற்கு அது அடையாளம். யூனிக்ஸில் இதற்கு ஒப்பான குறி கிடையாது. யூனிக்ஸின் 'இயக்கலாம்' என்ற குறிக்கு ஒப்பானது டாஸில் கிடையாது. அங்கே பெயரின் பின்னொட்டே நிரலை அடையாளம் காட்டும்.

ஆக, ஒரு பக்கம் ஒன்பது குறிகள்; மறுபக்கம் ஆறு குறிகள். இரண்டிலும் ஏறக்குறைய ஒத்தது ஒன்றே: எழுதலாமா கூடாதா என்பது. அந்த ஒன்றும் முழுமையாக ஒத்ததன்று என்பதைப் பின்னர்ப் பார்ப்போம். டாஸை விற்ற மைக்ரோசாஃப்ட் நிறுவனம் யூனிக்ஸை அறியாததன்று என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. ஜெனிக்ஸ் என்ற பெயரில் யூனிக்ஸையே அது 1980-இல் அறிவித்து விற்றுவந்தது. டாஸின் இரண்டாம் பதிப்பில் வந்த கோப்பக அடுக்கு முறை யூனிக்ஸ் வழியில் அமைந்ததே. கிளைகளை எடுத்துக்கொண்டார்கள், உரிமையாளர் என்ற வேரை எடுத்துக்கொள்ளவில்லை.

பத்தாண்டுகள் கழிந்தன. தனி வீடு என்றிருந்த பொறிகள் அலுவலக வலையமைப்புகளில் இணைந்தபின், பூட்டு இல்லாமல் முடியாது என்ற நிலை வந்தது. டேவிட் கட்லர் தலைமையில் ஆக்கப்பட்ட விண்டோஸ் என்.டி. 1993-ஆம் ஆண்டு ஜூலையில் வெளிவந்தது. அதன் கோப்பு முறைமையாகிய என்.டி.எஃப்.எஸ்., யூனிக்ஸைக் காட்டிலும் நுணுக்கமான காவலை மேற்கொண்டது. ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் அணுகல் பட்டியல். அதில் இன்னாருக்கு இன்னது அனுமதி, இன்னாருக்கு இன்னது மறுப்பு என்று எத்தனை வரிகளும் எழுதலாம். அழிக்கும் உரிமை, அனுமதியை மாற்றும் உரிமை என்று உரிமைகளும் பலவாயின. பழைய டாஸ் குறிகளும் கைவிடப்படவில்லை. அவையும் உடன் நின்றன. ஒன்றுமில்லாதிருந்த இடத்தில் இப்போது இரண்டு காவல் முறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தன.

இதற்கிடையில் யூனிக்ஸில் பழகிய கை, டாஸ் பொறியின் முன் அமர்ந்து தவித்தது. அந்தத் தவிப்பைத் தீர்க்க 1985-இல் கனடாவைச் சேர்ந்த மார்ட்டிஸ் கெர்ன் சிஸ்டம்ஸ் நிறுவனம் எம்.கே.எஸ். கருவித்தொகுதியை வெளியிட்டது. 1989-இல் டி.ஜே. டெலோரி என்பவர் குனு தொகுப்பானை டாஸுக்குக் கொண்டுவரும் பணியைத் தொடங்கினார். 1995-இல் சிக்னஸ் நிறுவனத்தில் ஸ்டீவ் சேம்பர்லைன் தொடங்கிவைத்த சிக்வின் இவ்வரிசையில் மிகப் புகழ்பெற்றது. சிக்னஸ், விண்டோஸ் என்னும் இரு பெயர்களின் புணர்ச்சியே சிக்வின். அதன் உள்ளம் ஒரு நூலகக் கோப்பு. யூனிக்ஸ் நிரல் கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் அது விண்டோஸின் மொழியிற் கேட்டு, வந்த விடையை யூனிக்ஸ் மொழியில் திருப்பிச் சொல்லும். இரு மொழி அறிந்த துபாஷியின் வேலை அது. ஒரு மொழியில் உள்ள சொல் மறுமொழியில் இல்லாதபோது துபாஷி என்ன செய்வார்? ஊகித்துச் சொல்வார். அந்த ஊகங்களின் விந்தைகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, 'இயக்கலாம்' என்ற குறி. பழைய டாஸ் வழிப்பட்ட ஃபாட் வட்டில் இந்தக் குறிக்கு இடமே இல்லை. ஆயினும் யூனிக்ஸ் கருவி அதனைக் கேட்கும். ஆகவே சிக்வின் பெயரைப் பார்த்தது. டாஸ் நிரலுக்குரிய பின்னொட்டு இருந்தால் இயக்கலாம் என்றது. இல்லையேல் கோப்பைத் திறந்து முதல் இரண்டெழுத்தைப் பார்த்தது. யூனிக்ஸ் ஆணைத்தொடர்கள் வேலி போன்ற குறியொன்றும் வியப்புக்குறியொன்றும் கொண்டு தொடங்குவது மரபு. அவை இருந்தாலும் இயக்கலாம் என்றது. நல்ல ஊகமே. ஆனால் ஒரு கோப்பகத்தைப் பட்டியலிட, அதிலுள்ள கோப்புகளை எல்லாம் திறந்து பார்க்க நேர்ந்தது, வேலை மந்தமாயிற்று. அது பொறாதவர்கள், 'இங்குள்ள அனைத்தையும் இயக்கலாம் என்றே கொள்' என்று முன்கூட்டியே அறிவித்துவிடும் வசதியும் பின்னர் அளிக்கப்பட்டது.

என்.டி.எஃப்.எஸ். வட்டில் அணுகல் பட்டியல் இருப்பதால், குறியை உண்மையாகவே எழுதிவைக்க இயன்றது. இயன்றதும் புதுத் தொல்லை முளைத்தது. சிக்வின் கருவியால் வலையிலிருந்து ஒரு விண்டோஸ் நிரலை இறக்கினால், யூனிக்ஸ் வழக்கப்படி அதற்கு 644 என்ற அனுமதி அமையும்; இயக்கும் உரிமை இராது. டாஸ் மரபில் பழகியவர், பின்னொட்டுச் சரியாக இருக்கிறதே என்று அதனைச் சொடுக்கினால், விண்டோஸ் 'அணுகல் மறுக்கப்பட்டது' என்று சொல்லிவிடும். தம் பொறியில், தாமே இறக்கிய நிரலைத் தாமே இயக்க முடியாமல் திகைத்தவர் பலர். மறுபுறம், விண்டோஸ் கருவியால் உண்டாக்கிய வெறும் குறிப்பும் கவிதையும்கூட, தம் கோப்பகத்தின் முழு உரிமையையும் வழிவழியாகப் பெற்று, யூனிக்ஸ் பார்வையில் இயக்கத்தக்க நிரல்களாகக் காட்சியளிக்கும்.

இரண்டாவது, 'படிக்க மட்டும்' என்ற குறி. ஒன்றே ஒத்தது, அதுவும் முழுமையாக ஒவ்வாது என்றேனே, அது இதுதான். யூனிக்ஸில் கோப்பை அழிப்பது என்பது கோப்பகத்தின் பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடிப்பதே. ஆகவே கோப்பகத்தில் எழுதும் உரிமை இருந்தால் போதும். கோப்பில் எழுதும் உரிமை வேண்டியதில்லை. வருகைப் பதிவேட்டைத் திருத்தும் அதிகாரம் உள்ளவர் ஒரு பெயரை நீக்க, அந்த மாணவனின் இசைவைக் கேட்கவேண்டுவதில்லை அன்றோ? டாஸிலும் விண்டோஸிலும் அப்படியன்று. 'படிக்க மட்டும்' என்ற குறியுள்ள கோப்பை அழிக்கவும் முடியாது. எனவே, யூனிக்ஸ் கருவி அழிக்கச் சொன்னால், சிக்வின் முதலில் அந்தக் குறியைச் சத்தமின்றிக் கழற்றிவிட்டுப் பிறகு அழிக்கும். 'எப்படியும் அழியாது' என்று நம்பி விண்டோஸ் பயனர் இட்ட காவல், யூனிக்ஸ் கருவியின் முன் நில்லாது. இருவர் சொல்லும் அவரவர் இலக்கணப்படி சரியே; இழப்பு மட்டும் பயனருடையது. இன்னும் ஒரு வேடிக்கை: விண்டோஸில் கோப்பகத்தின்மீது இக்குறி இருந்தால், அது எழுதுவதைத் தடுப்பதே இல்லை. அந்தக் கோப்பகத்துக்குத் தனித் தோற்றம் உண்டு என்பதற்கு அடையாளமாக அதனை வேறு பணிக்கு வைத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது, குறியிணைப்பு. 'இங்கே இல்லை, அங்கே பார்' என்று வேறோர் இடத்தைக் காட்டும் கைகாட்டி போன்ற கோப்பு யூனிக்ஸில் உண்டு. பழைய விண்டோஸில் இதற்கு ஈடான வசதி இல்லை. சிக்வின் ஆக்கியோர் ஒரு தந்திரம் செய்தார்கள். சாதாரணக் கோப்பு ஒன்றில், ஓர் அடையாளச் சொல்லையும் போகவேண்டிய முகவரியையும் எழுதி, அதற்கு டாஸின் 'அமைப்பு' என்ற குறியை இட்டார்கள். அந்தக் குறியைக் கண்டால் மட்டும் உள்ளே பார்த்து, கைகாட்டி என்று அறிந்துகொள்ளலாம்; எல்லாக் கோப்புகளையும் திறக்கவேண்டுவதில்லை. பின்னாளில் விண்டோஸ் குறுக்குவழிக் கோப்பின் வடிவிலும் அதனை அமைத்தார்கள்; அங்கே 'படிக்க மட்டும்' என்ற குறி அடையாளமாயிற்று. இப்போதைய பதிப்புகள் என்.டி.எஃப்.எஸ். தரும் வேறு வசதியைக் கையாள்கின்றன.

இத்தந்திரத்தின் விளைவை நானே பட்டறிந்தேன். ஓய்வுபெற்றபின் பழைய வினாத்தாள்களைத் தட்டெழுதித் தொகுத்தேன். ஒரே தாள் இரண்டு பாடங்களுக்கு உரியதாயின், ஓரிடத்தில் தாளையும் மற்றோரிடத்தில் கைகாட்டியையும் வைத்தேன். தொகுப்பு முழுவதையும் ஒரு பொதியாகக் கட்டி நண்பர் ஒருவருக்கு அனுப்பினேன். கட்டிய கருவி கோப்புகளைக் கொண்டுசென்றது. 'அமைப்பு' என்ற குறியைக் கொண்டுசெல்லவில்லை. நண்பர் பிரித்துப் பார்த்தபோது, கைகாட்டிகள் எல்லாம் ஒருவரிப் பிதற்றலுடைய சிறு கோப்புகளாகக் கிடந்தன. தாள்கள் சில தொலைந்துபோயின என்றே அவர் எண்ணிவிட்டார். ஓர் எழுத்தும் மாறவில்லை. ஒரே ஒரு குறி உதிர்ந்தது. பொருள் முழுவதும் போயிற்று.

நான்காவது, அணுகல் பட்டியலின் வரிசை. இது சற்று நுட்பமானது. பள்ளிக்கூட எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ஓர் அறை தலைமையாசிரியருடையது, அவர் நுழையலாம். ஆசிரியர் குழுவினர் நுழையலாகாது. வெளியிலிருந்து வருவோர் நுழையலாம். யூனிக்ஸ் வாயிற்காவலர், வருபவர் எந்த வகுப்பினர் என்று முதலிற் பார்ப்பார். அந்த வகுப்புக்குரிய விதி ஒன்றையே பயன்படுத்துவார். தலைமையாசிரியரும் ஓர் ஆசிரியரே என்றாலும், உரிமையாளர் என்ற முறையில் நுழைந்துவிடுவார். விண்டோஸ் காவலரோ பட்டியலை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படித்து, வருபவருக்குப் பொருந்தும் எல்லா வரிகளையும் கருதுவார். ஆகவே 'உரிமையாளருக்கு அனுமதி, குழுவுக்கு மறுப்பு, எல்லோருக்கும் அனுமதி' என்ற வரிசையில் எழுதினால்தான் யூனிக்ஸின் பொருள் கிட்டும். சிக்வின் அவ்வாறே எழுதியது. ஆனால் மறுப்புகள் முதலில், அனுமதிகள் பின்னர் என்பது விண்டோஸில் முறையான வரிசை. எனவே பண்புச் சாளரத்தைத் திறந்தவுடன், 'வரிசை பிழையாக உள்ளது, சீர்செய்யலாமா?' என்று அது கேட்கும். பணிவுள்ள பயனர் 'ஆம்' என்றால் குழுவுக்கான மறுப்பு மேலே ஏறிவிடும். தலைமையாசிரியரும் ஆசிரியர் என்பதனால் தம் அறைக்கு வெளியே நிற்பார்! திருத்தம் என்று எண்ணிச் செய்வது சில வேளைகளில் சிதைவாக முடியும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

ஐந்தாவது, காலம். யூனிக்ஸ் 1970 ஜனவரி முதல் நாளிலிருந்து உலகப் பொது நேரத்தில் நொடிகளை எண்ணுகிறது. என்.டி.எஃப்.எஸ். 1601-ஆம் ஆண்டிலிருந்து, ஒரு நொடியின் கோடியில் ஒரு பங்கு வரை எண்ணுகிறது. ஃபாட் 1980-இலிருந்து உள்ளூர் நேரத்தில், இரண்டு நொடிக்கு ஒரு முறை மட்டும் திருத்த நேரத்தைக் குறிக்கிறது. யூனிக்ஸில் 1976-இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ஆக்கிய 'மேக்' என்ற கருவி, எந்தக் கோப்புப் புதியது என்று நேரத்தை ஒப்பிட்டே வேலை செய்வது. இரண்டு நொடிக்குள் இரண்டு கோப்புகள் மாறினால், ஃபாட் வட்டில் அதற்கு வேறுபாடு தெரியாமற் போகலாம். நகலெடுக்கும் 'ஆர்சிங்க்' என்ற கருவியில், 'ஒரு நொடி வேறுபாட்டைப் பொருட்படுத்தாதே' என்று சொல்ல ஒரு வசதி வைத்திருப்பதும் இதற்காகவே. கோடைக்காலத்தில் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில், ஃபாட் வட்டிலுள்ள கோப்புகள் அனைத்தும் ஒரே இரவில் ஒரு மணி நேரம் இளமையடைந்துவிடுவதும் உண்டு.

குறியை வேறு பணிக்கு வைத்துக்கொள்ளும் தந்திரம் யூனிக்ஸ் பக்கத்தார்க்கு மட்டும் உரியதன்று. 1995-இல் வந்த விண்டோஸ் 95, நீண்ட பெயர்களை ஃபாட் வட்டில் எழுத விரும்பியது. பழைய நிரல்கள் அவற்றைக் கண்டு மருளவும் கூடாது. ஆகவே நீண்ட பெயரைத் துண்டு துண்டாக்கிப் பொய்ப் பதிவுகளில் எழுதி, அவற்றுக்குப் 'படிக்க மட்டும்', 'மறைந்தது', 'அமைப்பு', 'வட்டின் பெயர்' என்ற நான்கு குறிகளையும் ஒருங்கே இட்டது. எந்த உண்மைக் கோப்புக்கும் வாராத சேர்க்கையாதலால் பழைய நிரல்கள் அதனைக் கண்டும் காணாமல் விலகின. இதற்கு நேர் எதிர்த்திசையிலும் ஒன்று உண்டு. யூனிக்ஸ் பொறியிலுள்ள கோப்புகளை விண்டோஸ் பொறிகளுக்கு வழங்கும் சாம்பா என்ற மென்பொருளை ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1992-இல் தொடங்கினார். டாஸின் காப்பகம், அமைப்பு, மறைந்தது என்ற மூன்றையும் யூனிக்ஸில் எங்கே எழுதுவது? உரிமையாளர், குழுவினர், பிறர் ஆகியோருக்குரிய 'இயக்கலாம்' குறிகள் மூன்றில் எழுதினார்கள்! அதனால், விண்டோஸிலிருந்து சேமித்த ஒரு கடிதம் யூனிக்ஸில் இயக்கத்தக்க நிரலாகத் தோன்றும். அந்த இயக்கக் குறியின் உண்மைப் பொருள் 'இன்னும் சேமிப்பு நகல் எடுக்கவில்லை' என்பதே.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கிய கிட் என்ற பதிப்புக் காப்பு முறை, இவ்வரலாற்றிலிருந்து பாடம் கற்றது போலத் தோன்றுகிறது. சாதாரணக் கோப்பின் ஒன்பது குறிகளையும் அது சுமப்பதில்லை. இயக்கலாமா கூடாதா என்ற ஒன்றையே சுமக்கிறது. விண்டோஸில் அந்த ஒன்றையும் வட்டிலிருந்து படிக்காதே என்று விட்டுவிடும் அமைப்பும் அதற்கு உண்டு. 2016-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே விண்டோஸுக்குள் லினக்ஸ் கருவிகளை நடத்தும் துணையமைப்பை வெளியிட்டது. அதிலும், விண்டோஸ் வட்டிலுள்ள கோப்புகள் எல்லாம் முதலில் 777 என்று காட்சியளித்தன. அதாவது, யாரும் எதுவும் செய்யலாம். வலையில் மறைபொருளாகப் பேச உதவும் கருவியொன்று, அதன் அந்தரங்கத் திறவுகோற் கோப்பைப் பிறரும் படிக்கலாம் என்றிருந்தால் பயன்படுத்த மறுத்துவிடும். அனுமதியை மாற்றி எழுதினாலும் ஒட்டாது. 2018-இல், யூனிக்ஸ் குறிகளை என்.டி.எஃப்.எஸ். கோப்பின் கூடுதற் பண்புகளாக எழுதிவைக்கும் வசதி வந்தபின்பே இது தீர்ந்தது. பதிவேட்டில் புதுக் கட்டம் வரையப்பட்டது. அதன்பின் ஊகத்துக்கு வேலை இல்லை.

நேயர்களே, இந்த வரலாற்றில் குற்றவாளி என்று யாரையும் சுட்ட இயலாது. பலர் கூடி வாழும் வீட்டுக்கு ஏற்ற பூட்டை யூனிக்ஸ் செய்தது. தனியே வாழ்பவருக்கு ஏற்ற தாழ்ப்பாளை டாஸ் செய்தது. இரண்டும் அவ்வவ் இடத்தில் நல்லவையே. இடையில் நின்ற துபாஷிகளும் திறமையாகவே ஊகித்தார்கள். குறை எங்கே என்றால், ஊகித்ததையும் உதிர்ந்ததையும் கேட்பவருக்குச் சொல்லாமல் விட்டதில்தான். பதிவேட்டில் கட்டம் இல்லாதபோது, 'இன்ன குறிப்பை எழுத இடமில்லை' என்று ஓரத்தில் ஒரு வரி எழுதும் எழுத்தர் மேலானவர். சத்தமின்றி விட்டுவிடும் எழுத்தரால் மாணவனின் பிறந்த நாளே மாறிப்போகும்.

நடைமுறையில் நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. யூனிக்ஸ் கோப்புகளை வேறு வட்டில் ஏற்றி அனுப்பும்போது, அவற்றைத் தனித்தனியே வைத்து அனுப்பாமல், 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் தோன்றிய 'டார்' பொதியாகக் கட்டி அனுப்புக. உரிமையாளர், ஒன்பது குறிகள், கைகாட்டிகள், நேரம் ஆகிய எல்லாம் பொதியின் உள்ளேயே எழுதப்பட்டிருக்கும். இடைவழி வட்டுக்கு அவற்றைப் புரிந்துகொள்ளும் பொறுப்பு இல்லை. என் வினாத்தாள்களை இரண்டாம் முறை அவ்வாறே கட்டி அனுப்பினேன். நண்பரும் சிக்வினிலேயே அதனைப் பிரித்தார். கைகாட்டிகள் யாவும் தத்தம் திசையைச் சரியாகக் காட்டின என்று மறுநாள் அவர் எழுதியிருந்தார்.